ஒக்கோ: ஒரு கண்ணின் கதை

*ஒக்கோ. முன்னே உள்ள உடுக்குறிக்குப் பொருள், இச்சொல் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை, வழிவந்த மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்பதே. போலிஷ், ரஷ்யன் முதலியவற்றின் மூலமொழியான தொல்சிலாவியத்தில் இது ‘கண்’. இலத்தீன் ஒக்குலுஸ், லிதுவேனிய அகிஸ், சமஸ்கிருத அக்ஷி எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. மீனாட்சியிலும் காமாட்சியிலும் உள்ள ‘அட்சி’ அந்த அக்ஷிதான். ஆக, அம்மன் பெயரும் இதற்குத் தூரத்து உறவு.

கண்கள் இரண்டல்லவா? பழைய சிலாவியத்தில் இருமைக்கென்றே தனி வடிவம் உண்டு. இருமை வழக்கொழிந்த பிறகும் போலிஷ் மொழி அந்த ‘ஒச்சி’யைக் கண்களுக்குப் பன்மையாக வைத்துக்கொண்டது. ஒழுங்கான பன்மையாகிய ‘ஒக்கா’வோ வலைக் கண்களுக்கும், சூப்பின்மேல் மினுங்கி மிதக்கும் கொழுப்பு வட்டங்களுக்கும் போய்விட்டது. சன்னலைக் குறிக்கும் ‘ஒக்னோ’வும் இதன் வழிவந்ததே.

வேடிக்கை ரஷ்யனில்தான். அன்றாடப் பேச்சில் ‘க்லாஸ்’ என்ற சொல் கண்ணின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அது முன்பு உருண்டையைக் குறித்தது; போலிஷில் அதன் உடன்பிறப்புக்கு இன்றும் பாறை என்றே பொருள். நம் ‘முழி’யைப் போலக் கொச்சையாக நுழைந்திருக்க வேண்டும். பழைய சொல் கவிதையில் ஒதுங்கியது. கவிஞர் ஹ்ரெபின்கா 1843இல் வெளியிட்ட கவிதையிலிருந்து வந்த ‘ஓச்சி சோர்னியே’ (கருங்கண்கள்) பாட்டில் அதைக் கேட்கலாம். மூக்குக்கண்ணாடிக்கு மட்டும் ரஷ்யர்கள் இன்றும் ‘அச்கீ’ என்றே சொல்கிறார்கள்.