தேனி மண்ணும் ‘16 வயதினிலே’ காலமும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் ‘மண்வாசனைப் படங்கள்’ என்று இரசிகர்கள் இன்றும் விரும்பிச் சொல்பவற்றில் பல, 1976 முதல் 1985 வரையிலான பத்தாண்டில் வந்தவை. அவற்றை உருவாக்கியவர்களில் முக்கியமான மூவர் இன்றைய தேனி மாவட்டத்துக்காரர்கள். இயக்குநர் பாரதிராஜா (இயற்பெயர் சின்னசாமி) அல்லிநகரத்தில் பிறந்தவர். இளையராஜாவின் ஊர் கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரம். வைரமுத்து வடுகபட்டியில் வளர்ந்தவர். அவர் பிறந்த மெட்டூர் வைகை அணைக்காக மூழ்கிப்போனது. அன்று இவ்வூர்கள் மதுரை மாவட்டத்தில் இருந்தன. தேனி தனி மாவட்டமானது 1996-இல்.

சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்த சின்னசாமிக்கும் பண்ணைப்புரத்துச் சகோதரர்களுக்கும் நட்பு ஏற்பட்டது சென்னைக்குப் போகும் முன்பே. அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். இளையராஜாவின் தொடக்கப் பயிற்சி அக்குழுவில்தான்.

1977 செப்டம்பரில் வெளியான ‘16 வயதினிலே’ பாரதிராஜாவின் முதல் படம். எஸ்.ஏ. ராஜ்கண்ணு தயாரித்தார், பி.எஸ். நிவாஸ் ஒளிப்பதிவு. அப்போதே புகழ்பெற்றிருந்த கமல்ஹாசன் கோவணம் கட்டி, காலை இழுத்து நடக்கும் சப்பாணியாக வந்தார். ரஜினிகாந்த் பரட்டை, ஸ்ரீதேவி மயில். ஆசிரியையாக விரும்பும் பெண் பட்டணத்து மருத்துவரை நம்பி ஏமாறுகிறாள். ஊர் ஏளனம் செய்த சப்பாணியே அவளுக்குத் துணையாகிறான். படத்தில் பாடிய எஸ். ஜானகிக்குத் தேசிய விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு ‘கிழக்கே போகும் ரயில்’ வந்தது. ராதிகாவுக்கு அதுவே முதல் படம்.

கேமராவைக் கிராமத்துக்குக் கொண்டுபோன முதல் படம் ‘16 வயதினிலே’ என்பது மிகை. இளையராஜா அறிமுகமான ‘அன்னக்கிளி’ (1976) அதற்கு முன்பே தெங்குமரகடாவில் எடுக்கப்பட்டது. இன்னொரு வேடிக்கை: தேனிக் கிராமம் என்று பலர் நினைக்கும் மயிலின் ஊர் கர்நாடகத்தின் மைசூர், கொள்ளேகாலம் பகுதிகளில் படமானது. ‘முதல் மரியாதை’யும் (1985) காவிரிக் கரைத் தலக்காடு, சிவசமுத்திரம் பக்கம் எடுத்ததே. ஆகவே இப்படங்களில் தேனி இருப்பது நிலக்காட்சியில் அல்ல. பேச்சு வழக்கிலும், வசவிலும், பாட்டின் மெட்டிலும்தான். வைரமுத்துவுக்கு முதல் தேசிய விருதைத் தந்ததும் ‘முதல் மரியாதை’யே.

ஆனால் பள்ளத்தாக்கின் உழைப்பு இவற்றில் மையத்துக்கு வரவில்லை. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீரால் விளையும் நெல் வயல்கள், மலையேறி ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் குடும்பங்கள் ஆகியவை காதல், மானம், ஊர்ப்பேச்சு என்பவற்றின் பின்னால் மறைந்துவிட்டன. ‘16 வயதினிலே’யில் சாதியும் கதையின் நடுவே வருவதில்லை; ‘முதல் மரியாதை’ அதைத் தொட்டது, ‘வேதம் புதிது’ (1987) நேரடியாகப் பேசியது. மலைப்பாதையில் சுமை தூக்கும் நிலமற்றவனின் கதை திரைக்கு வர 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ அது, இசை இளையராஜா.