பெரிய வாய்க்கால், சின்னச் சால்

2005-ல் புனேயில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. கலிஃபோர்னியாவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு 40 ஜிபி டேட்டாபேஸ் பேக்கப் ஒன்றை அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை அவர்கள் ஆபீஸ் திறக்கும்போது அங்கே சோதனை முடிந்து தயாராக இருக்கவேண்டும். எங்களிடம் இருந்தது 8 எம்பிபிஎஸ் வெளிநாட்டு லைன். மனக்கணக்காகவே பன்னிரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டு, எஃப்டிபியை ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மதியம் வந்து பார்த்தால் பாதி கூடப் போகவில்லை. விநாடிக்கு 250 கேபி, அதற்கு மேல் ஏறமாட்டேன் என்று நிற்கிறது. மொத்தம் நாற்பத்தைந்து மணி நேரம் ஆயிற்று. சோதனை தள்ளிப்போனது, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

மேலாளரிடம் நான் சொன்ன ஒரே வார்த்தை, லைன் பத்தாது சார் என்பதுதான். அவரும் நம்பி, மேலே பேசி, இரண்டு மாதத்தில் 45 எம்பிபிஎஸ் லைன் வாங்கிக் கொடுத்தார். மாத வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். முதல் நாளே அதே 40 ஜிபியை அனுப்பிப் பார்த்தேன். விநாடிக்கு 250 கேபி. ஒரு கேபி கூட ஏறவில்லை.

லைன் கொடுத்தவர்களிடம் போனில் கத்தினேன். அவர்கள் பொறுமையாகச் சோதித்து, லைன் சுத்தமாக இருக்கிறது என்று காட்டினார்கள். அப்ரைசலுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. இவ்வளவு பணம் கட்டுகிறோமே, எங்கே போகிறது என்று மேலாளர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பதில் சொன்னவர் பக்கத்துப் பிரிவில் இருந்த வயதான மராட்டிய நெட்வொர்க் ஆசாமி. வந்தார், பிங் அடித்தார். போய்த் திரும்ப 250 மில்லிசெகண்ட். ஒரு துண்டுத் தாளில் 64-ஐ 0.25-ஆல் வகுத்தார். 256. தாளை என் மானிட்டரில் ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்தத் துண்டுத் தாளுக்குப் பின்னால் முப்பது வருடச் சரித்திரம் இருக்கிறது என்று பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

எஃப்டிபியை எழுதியவர் நம் ஊர்க்காரர். அபய் பூஷண், ஐஐடி கான்பூரின் முதல் செட் மாணவர், 1965-ல் வெளியே வந்தவர். எம்ஐடியில் இருந்தபோது 1971 ஏப்ரலில் அவர் எழுதிய ஆர்எஃப்சி 114-தான் எஃப்டிபியின் பிறப்புச் சான்றிதழ். அப்போது டிசிபியே கிடையாது. வின்ட் செர்ஃபும் பாப் கானும் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டது 1974-ல். அதற்கு முறையான இலக்கணம் 1981 செப்டம்பரில் ஆர்எஃப்சி 793-ஆக வந்தது. ஆர்பாநெட் முழுக்க டிசிபிக்கு மாறியது 1983 ஜனவரி 1-ஆம் தேதி. ஆக, கோப்பு அனுப்பும் வேலை இன்டர்நெட்டை விட மூத்தது.

டிசிபி ஒரு கணக்குப்பிள்ளை. அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் வந்து சேர்ந்தது என்று ரசீது வேண்டும். ரசீது வராமல் எவ்வளவு வரைக்கும் அனுப்பிக்கொண்டே போகலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு விண்டோ என்று பெயர். வாங்குகிறவர், என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒவ்வொரு ரசீதிலும் எழுதி அனுப்புவார். அந்த எண்ணை எழுத 1981-ல் ஒதுக்கிய இடம் 16 பிட். ஆகவே அதிகபட்சம் 65,535 பைட். கிட்டத்தட்ட 64 கேபி.

இதைக் கஞ்சத்தனம் என்று சொல்லக்கூடாது. அன்றைக்கு ஆர்பாநெட்டின் முதுகெலும்பே 56 கேபிபிஎஸ். அந்த லைனில் 64 கேபியை அனுப்ப ஒன்பது விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் ரசீது பல தடவை வந்து போய்விடும்.

எங்கள் ஊர்ப் பக்கம் கமலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாடுகள் வாரியில் இறங்கினால் சால் மேலே வரும், பின்னால் நடந்து ஏறினால் சால் கிணற்றுக்குள் இறங்கும். ஒரு நடைக்கு ஒரு சால் தண்ணீர். கிணறு ஆழமாக ஆக நடை நீளும். தண்ணீர் போதவில்லை என்று வாய்க்காலை அகலமாக வெட்டி என்ன பிரயோஜனம்? நான் செய்தது அதுதான். 250 மில்லிசெகண்ட் ஆழமுள்ள கிணறு, 64 கேபி சால். விநாடிக்கு நாலு நடை, ஆக 256 கேபி. வாய்க்கால் 8 எம்பிபிஎஸ்ஸாக இருந்தால் என்ன, 45 ஆக இருந்தால் என்ன?

ஆழத்தையும் குறைக்க முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான். பூமியைச் சுற்றிப் போய்த்தான் ஆகவேண்டும்.

இந்தச் சிக்கல் வரப்போகிறது என்று கண்டவர்கள் இருந்தார்கள். முக்கியமானவர் வான் ஜேக்கப்சன். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜ தூரத்தில் வேகம் 32 கேபிபிஎஸ்ஸிலிருந்து வெறும் 40 பிபிஎஸ்ஸுக்கு விழுந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் அனுப்ப, தொலைந்ததை மறுபடி மறுபடி அனுப்ப, முழு நெரிசல். ஜேக்கப்சனும் மைக் கேரல்ஸும் சேர்ந்து கண்டுபிடித்த மருந்து 1988-ல் கட்டுரையாக வந்தது. மெதுவாக ஆரம்பி, ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் கூட்டு, ஒரு பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு பாதியாகக் குறை. இன்டர்நெட் பிழைத்தது இதனால்தான்.

அதே 1988-ல் ஜேக்கப்சனும் பாப் பிரேடனும் ஆர்எஃப்சி 1072-ல் இன்னொன்றும் சொன்னார்கள். வேகமும் அதிகம், தூரமும் அதிகம் என்ற லைன்களுக்கு 64 கேபி போதாது. அப்படிப்பட்ட லைன்களுக்கு அவர்கள் வைத்த சுருக்கப் பெயரை எலிஃபன்ட் என்று உச்சரிக்கவேண்டுமாம். ஆர்எஃப்சியிலேயே எழுதியிருக்கிறது. 1992-ல் டேவிட் போர்மனும் சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 1323-ல் யானைக்கேற்ற சால் வந்தது. பழைய 16 பிட் எண்ணை ஒரு குறிப்பிட்ட மடங்கால் பெருக்கிக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கமும் ஆரம்பத்திலேயே பேசிவைத்துக்கொள்வது. இதனால் விண்டோ 1 ஜிபி வரை போகலாம்.

1992-லேயே மருந்து இருந்ததா, பிறகு 2005-ல் எனக்கு ஏன் தலைவலி? வழி இருந்தது, ஆனால் யாரும் திறந்துவைக்கவில்லை. மெமரி விலை அதிகம் என்பதால் ஆபரேட்டிங் சிஸ்டங்கள் சின்ன பஃபரோடுதான் வந்தன. விண்டோஸ் எக்ஸ்பி சாதாரண ஈதர்நெட்டில் 17 கேபி சுமாருக்குத்தான் விண்டோ வைக்கும். பஃபரைத் தானாகக் கூட்டிக்கொள்ளும் புத்தி விண்டோஸுக்கு 2007-ல் விஸ்டாவோடு வந்தது. எங்கள் சர்வர்கள் இரண்டிலும் இருந்தது பழைய 64 கேபி. மாற்ற வேண்டியது இரண்டு மூன்று வரி. நான் வாங்க வைத்ததோ லட்சக்கணக்கில் லைன்.

நாங்கள் இங்கே 250 கேபிக்கு அழுதுகொண்டிருந்த அதே காலத்தில் இயற்பியல்காரர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். செர்ன், ஸ்லாக் போன்ற ஆய்வகங்களில் குவிந்த தகவலைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. 2002 நவம்பரில் ஸ்லாக்கும் கால்டெக்கும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து கலிஃபோர்னியாவின் சன்னிவேலிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு 6.7 ஜிபியை 58 விநாடியில் அனுப்பினார்கள். 923 எம்பிபிஎஸ். தூரம் கிட்டத்தட்ட 11,000 கிலோமீட்டர். 2003 பிப்ரவரியில் சன்னிவேலிலிருந்து ஜெனீவாவுக்கு 2.38 ஜிபிபிஎஸ். இன்டர்நெட்2 வைத்திருந்த இந்தப் போட்டியில் வேகத்தைத் தூரத்தால் பெருக்கித்தான் மதிப்பெண். பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு வேகமாக அனுப்பினாலும் பரிசு கிடையாது. தூரம்தான் கஷ்டம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சாலைப் பெரிதாக்கியதும் அடுத்த பிரச்சினை முளைத்தது. தொலைந்தால் பாதியாக்கு, பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டு என்ற ஜேக்கப்சன் விதி யானைக்குப் பொருந்தவில்லை. சாலி ஃப்ளாய்ட் 2003 டிசம்பரில் ஆர்எஃப்சி 3649-ல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். 100 மில்லிசெகண்ட் தூரத்தில் 10 ஜிபிபிஎஸ் வேண்டுமானால் 83,333 பாக்கெட்டுகள் எப்போதும் வழியில் இருக்கவேண்டும். நெரிசல் இழப்பு 500 கோடி பாக்கெட்டுக்கு ஒரு தடவைதான் வரலாம். அதாவது ஒரு மணி நாற்பது நிமிடத்துக்கு ஒரே ஒரு தடவை. நடைமுறையில் நடக்காத காரியம்.

இதற்குப் பலர் பல வழி கண்டார்கள். ஃப்ளாய்டின் ஹைஸ்பீட் டிசிபி, டாம் கெல்லியின் ஸ்கேலபிள் டிசிபி, கால்டெக்கில் ஸ்டீவன் லோ குழுவின் ஃபாஸ்ட் டிசிபி. கடைசியில் எல்லார் கணினிக்கும் வந்து சேர்ந்தது நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்து இன்ஜாங் ரீ குழுவின் வேலை. முதலில் பிக், அதைத் திருத்தி க்யூபிக். 2006-ல் லினக்ஸ் 2.6.19 முதல் க்யூபிக்தான் இயல்பு. கூகுள் 2016-ல் வெளியிட்ட பிபிஆர் இன்னொரு பாதை. தொலைந்த பாக்கெட்டை மட்டும் நம்பாமல் லைனின் வேகத்தையும் தாமதத்தையும் அளந்து அனுப்புகிறது.

டிசிபியே வேண்டாம் என்றவர்களும் உண்டு. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் ராபர்ட் கிராஸ்மன் குழு உருவாக்கிய யுடிடி, 2004-ல் தொடங்கிய அஸ்பெரா கம்பெனியின் மென்பொருள் ஆகியவை யுடிபியின் மேல் ஓடுபவை. வராத பாக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். அஸ்பெராவை வாங்கப்போவதாக 2013 டிசம்பரில் ஐபிஎம் அறிவித்தது.

எங்களுக்கு இவை எதுவும் அன்றைக்குக் கையில் இல்லை. மராட்டியப் பெரியவர் சொன்னது பழைய நாட்டு வைத்தியம். ஒரு கமலைக்குப் பதில் இருபது கமலை. 45 எம்பிபிஎஸ்ஸைக் கால் விநாடியால் பெருக்கினால் சுமார் 1.4 எம்பி. அதை 64 கேபியால் வகுத்தால் 22 சொச்சம். கோப்பை இருபது துண்டாக நறுக்கி, இருபது எஃப்டிபியை ஒரே நேரத்தில் ஓட்டினேன். இரண்டரை மணி நேரத்தில் 40 ஜிபியும் போய்ச் சேர்ந்தது. கிரிட் எஃப்டிபி, பிபிசிபி போன்ற மென்பொருள்களில் இயற்பியல்காரர்கள் செய்துவந்ததும் இதுதான் என்று பிறகு தெரிந்தது. இதில் ஒரு அநியாயமும் இருக்கிறது. பந்தியில் இருபது இலை போட்டு ஒரே ஆள் உட்காருவது மாதிரி, பக்கத்து ஆளுக்குச் சாப்பாடு குறையும். அன்று ராத்திரி ஆபீஸில் மற்ற எவருக்கும் மெயில் நகரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் லைன் தோற்கும் இடம் உண்டு. ஜிம் கிரே 2002 வாக்கிலேயே டெராபைட் கணக்கில் தகவலை டிஸ்கில் போட்டு, கணினியோடு சேர்த்துக் கூரியரில் அனுப்பிக்கொண்டிருந்தார். 2019 ஏப்ரலில் வெளியான கருந்துளைப் படத்துக்கான தகவல் 2017-ல் எட்டுத் தொலைநோக்கிகளிலிருந்து விமானத்தில்தான் போனது. தென்துருவத்து டிஸ்க்குகள் குளிர்காலம் முடிந்து விமானம் பறக்கும் வரை மாதக்கணக்கில் காத்திருந்தன. அமேசான் 2016-ல் 100 பெட்டாபைட் கொள்ளும் லாரியையே கொண்டுவந்து, 2024-ல் நிறுத்திவிட்டது.

எஃப்டிபிக்கும் வயதாகிவிட்டது. 2021-ல் ஃபயர்பாக்ஸும் குரோமும் அதைக் கழற்றிவிட்டன. இன்று கணினிகள் சாலைத் தாமாகவே பெரிதாக்கிக்கொள்கின்றன. என் மாதிரி ஆட்கள் இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமலே ரிட்டயர் ஆகலாம்.

மேலாளரிடம் உண்மையைச் சொன்னேனா? சொன்னேன். துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு போய், லைன் மேல் தப்பில்லை சார், நான்தான் அளக்காமல் பேசிவிட்டேன் என்றேன். அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த வருட அப்ரைசல் சுமார்தான். ஆனால் அதற்குப் பிறகு யார் வந்து எது பத்தவில்லை என்று சொன்னாலும் முதலில் பிங் அடித்துப் பார்த்தாயா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நானும் அப்படித்தான் கேட்கிறேன்.