பூஞ்சேரி ஆட்டமும் பூட்டில்லாத நிரலும்

அத்தியாயம் 12

2022 ஆகஸ்ட் 6. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது செஸ் ஒலிம்பியாடின் எட்டாவது சுற்று. இந்தியாவின் இரண்டாவது அணி அமெரிக்காவைச் சந்திக்கிறது. முதல் பலகையில் ஃபேபியானோ கருவானா. எதிரில் சென்னைப் பையன் குகேஷ், வயது 16. வென்றது குகேஷ். அந்தத் தொடரில் அவருக்கு அது எட்டாவது ஆட்டம், எட்டாவது வெற்றி. 3-1 என்ற கணக்கில் அமெரிக்கா தோற்றது.

அந்த நாட்களில் கைப்பேசியில் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பலகையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பட்டை ஏறும், இறங்கும். யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை அது காட்டும். அப்படிப்பட்ட நேரலைகளில் பெரும்பாலும் பின்னணியில் கணக்குப் போடுவது ஸ்டாக்ஃபிஷ். உலகின் மிக வலிமையான செஸ் நிரல்களில் முன்னணியில் இருப்பது. அதற்கு விலை இல்லை. அதைவிடப் பெரிய செய்தி, அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பதுதான்.

சென்ற வாரம் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. வளாகத்தில், 2005-ல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தின் கதையைப் பார்த்தோம். அது அரசு முன்னின்று செய்த முயற்சி. இந்த வாரக் கதையில் அரசும் இல்லை, முதலாளியும் இல்லை. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்திராத பலர் சேர்ந்து கட்டியது ஸ்டாக்ஃபிஷ்.

முதலில் அதற்குக் காவலாக நிற்கும் சட்டத்தைப் புரிந்துகொள்வோம். 1983-ல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனு' திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்த, அதன் உள்ளே பார்த்து மாற்ற, நகலெடுத்துக் கொடுக்க, மாற்றியதையும் பகிர என நான்கு உரிமைகள் பயனருக்கு வேண்டும் என்றார். அவற்றைத் தருவதே கட்டற்ற மென்பொருள். உரிமையைக் கொடுத்தால் மட்டும் போதாது, அது கைமாறும்போது தொலைந்துவிடக் கூடாது என்பதையும் அவர் கண்டிருந்தார். அதற்காக 1989-ல் பிறந்ததுதான் குனு பொது உரிமம். நிரலை வாங்கி மாற்றிப் பிறருக்குக் கொடுப்பவர், மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடுத்தாக வேண்டும். காசுக்கு விற்கத் தடையில்லை; மூடி வைக்கத்தான் தடை.

இனி செஸ்ஸுக்கு வருவோம். 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் ப்ளூ' கணினி உலக சாம்பியன் காஸ்பரோவை 3.5 - 2.5 என்று வென்றது. விநாடிக்கு 20 கோடி நிலைகளை அலசிய எந்திரம் அது. மறு போட்டி கேட்டார் காஸ்பரோவ், கிடைக்கவில்லை. எந்திரம் ஓய்வுக்குப் போனது. அந்த அறிவால் எந்த ஊர் மாணவரும் தன் வீட்டில் ஓர் ஆட்டம்கூடப் பயில முடியவில்லை.

நார்வேயில் டோர்ட் ரோம்ஸ்டாட் என்பவர் வேறு பாதையில் போனார். 'குளோரங்' என்ற செஸ் நிரலை எழுதி, பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டார். இத்தாலியின் மார்கோ கோஸ்டால்பா அதை எடுத்துச் செப்பனிட்டு, 2008 நவம்பரில் ஸ்டாக்ஃபிஷ் என்ற பெயரில் வெளியிட்டார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை, உரிமமே அனுமதி. பின்னர் ரோம்ஸ்டாடும் பின்லாந்தின் யூனா கீஸ்கியும் அவரோடு சேர்ந்தார்கள்.

2013-ல் கேரி லின்ஸ்காட் 'ஃபிஷ்டெஸ்ட்' என்ற சோதனை அமைப்பை உருவாக்கினார். ஒருவர் நிரலில் ஒரு வரியை மாற்றினால், பழைய நிரலும் புதிய நிரலும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதும். புதியது மேல் என்று புள்ளியியல் சொன்னால்தான் மாற்றம் உள்ளே போகும். இத்தனை ஆட்டங்களை ஓட்டக் கணினிகள் வேண்டுமே? உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளின் நேரத்தைத் தானமாகக் கொடுக்கிறார்கள். எழுதியவர் பேராசிரியரா, பள்ளி மாணவரா என்று அந்த அமைப்பு கேட்பதில்லை.

2018-ல் ஜப்பானில் யூ நாசு, ஷோகி என்ற அந்நாட்டுச் சதுரங்கத்துக்காகச் ஆட்ட நிலைகளை எடைபோடும் சிறிய நரம்பியல் வலையமைப்பு ஒன்றை வடிவமைத்தார். பின்னர் ஹிசாயோரி நோடா அதை ஸ்டாக்ஃபிஷுக்குக் கொண்டுவந்தார். 2020 செப்டம்பரில் வெளியான 12-வது பதிப்பு, முந்தைய பதிப்பைவிடப் பெரும் பாய்ச்சலாக அமைந்தது. ஷோகிக்காகப் பிறந்த யோசனை செஸ்ஸில் பயன்பட்டது, குறுக்கே சுவர் இல்லாததால்தான்.

பிறகு சோதனை வந்தது. 2021-ல் ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் 'ஃபேட் ஃபிரிட்ஸ் 2' என்ற நிரலை ஏறத்தாழ 100 யூரோவுக்கு விற்றது. அது ஸ்டாக்ஃபிஷ் மீது வேறொரு நரம்பியல் வலையமைப்பைப் பொருத்திய நிரல். வாங்குபவர்களுக்கு அதன் பிறப்பிடமும் உரிமைகளும் முறையாகச் சொல்லப்படவில்லை என்று ஸ்டாக்ஃபிஷ் குழு குற்றம்சாட்டியது. அந்த ஆண்டு ஜூலையில் ஜெர்மன் நீதிமன்றத்தை நாடியது. மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோதும் வழக்கு முடிந்திருக்கவில்லை. 2022 நவம்பரில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. ஸ்டாக்ஃபிஷ் நிரல் அடங்கிய பொருள்களை ஓராண்டுக்கு விற்பதில்லை என்றும், உரிமங்கள் பின்பற்றப்படுவதைக் கண்காணிக்க ஓர் அலுவலரை நியமிப்பதாகவும் நிறுவனம் ஏற்றது. ஸ்டாக்ஃபிஷ் குழுவின் நோக்கம் பணம் அல்ல; உரிமத்துக்கு மதிப்பு கிடைக்க வேண்டும் என்பதே.

கட்டற்ற மென்பொருள் என்றால் நல்ல மனசுக்காரர்கள் சும்மா கொடுத்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. ஊர்ப் பொது ஏரிக்குக் குடிமராமத்து இருந்ததுபோல, இதற்கும் கடமை உண்டு, காவலும் உண்டு. அந்தக் கடமையைச் சட்டமாக எழுதிவைத்ததால்தான் நார்வே, இத்தாலி, ஜப்பான் என்று கைமாறிய பிறகும் நிரல் பொதுச் சொத்தாகவே நிற்கிறது. திருக்கழுக்குன்றத்துப் பள்ளி மாணவிக்கும் உலக சாம்பியனுக்கும் இன்று கிடைப்பது ஒரே ஸ்டாக்ஃபிஷ்.

செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிகளின் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை அந்த நிரலோடு ஆட மட்டும் விடாதீர்கள். சி++ மொழியில் எழுதப்பட்ட அதன் மூலநிரல் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. ஒரு வகுப்பில் அதைத் திறந்து காட்டுங்கள். ஒரு வரியை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த உரிமை அவர்களுடையது.

(தொடரும்)