கமலாம்பாளும் கதைத் திட்டமும்

கதையை எழுதத் தொடங்குமுன் அதன் போக்கை வகுத்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வியை எழுத்தாளனின் சுபாவத்தைப் பற்றிய கேள்வியாகவே நாம் கேட்டுப் பழகிவிட்டோம். ஒருவன் திட்டம் போட்டு எழுதுகிறான், இன்னொருவன் பேனா போன வழியில் போகிறான், அவரவர் இஷ்டம். விஷயம் அவ்வளவு சுலபமில்லை. இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. மதுரைப் பக்கத்திலிருந்து பார்க்கையில் அது தெளிவாகவே தெரிகிறது.

காப்பியம் பாடியவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. மலை, கடல், நாடு, நகர், பருவம் என்று பெருங்காப்பியத்தில் வரவேண்டியவற்றைத் தண்டியலங்காரம் வரிசைப்படுத்தி வைத்திருந்தது. கதையும் ஊரறிந்ததுதான். பரஞ்சோதி முனிவர் 64 திருவிளையாடல்களை மதுரைக் காண்டம் 18, கூடற் காண்டம் 30, திருவாலவாய்க் காண்டம் 16 என்று பிரித்துப் பாடினார். புராணத்தைப் படிக்காதவனும் பிட்டுக்கு மண் சுமந்ததை ஆவணி மூலத்தில் கண்ணால் பார்த்துவிடுகிறான். திட்டம் ஊரின் திருவிழாவிலேயே இருந்தது. கவிஞன் அதைத் தனியே யோசிக்க வேண்டியதில்லை. முடிவு தெரிந்தே கேட்க உட்கார்ந்தவனுக்கு, எப்படிச் சொல்கிறான் என்பதே அக்கறை.

நாவல் வந்தபோது இந்தப் பொதுச்சொத்து போயிற்று. முடிவு ஆசிரியன் ஒருவனின் ரகசியமாயிற்று. அவனுக்கே தெரியாத ரகசியமாக அது இருக்கக்கூடும் என்ற சாத்தியமும் அப்போதுதான் பிறந்தது. கூடவே மாதப் பத்திரிகையும் வந்தது. முதல் அத்தியாயம் வாசகன் கையில் இருக்கும். கடைசி அத்தியாயம் எழுதப்பட்டிராது. அச்சேறியதை அடித்துத் திருத்தவும் வழியில்லை. மாதவையாவின் 'சாவித்திரி சரித்திரம்' விவேக சிந்தாமணியில் தொடங்கிப் பாதியில் நின்றது. 1903-ல் 'முத்துமீனாக்ஷி' என்ற பெயரில்தான் முழுமை பெற்றது.

அதே விவேக சிந்தாமணியில் 1893 பிப்ரவரி முதல் 1895 ஜனவரி வரை வெளிவந்தது ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. அன்று மதுரை ஜில்லாவிலும் இன்று திண்டுக்கல் மாவட்டத்திலும் உள்ள வத்தலக்குண்டுக்காரர். தொடங்கியபோது வயது 21. நாவல் 1896-ல் புத்தகமாயிற்று. 1898-ல் அவர் இறந்துவிட்டார்.

முன்பகுதியில் சிறுகுளம் என்ற கிராமம், அதன் வம்புப் பேச்சு, ஜல்லிக்கட்டு, அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதர். பின்பகுதியில் முத்துசாமி ஐயரின் வைராக்கியமும் வேதாந்தமும். முன்னது நாவல், பின்னது உபதேசம், திட்டமில்லாமல் எழுதியதால் கைமீறிப் போய்விட்டது என்பது பலரும் சொல்லும் குறை. எனக்கு இது தலைகீழாகத் தோன்றுகிறது.

நாவலின் முழுத் தலைப்பு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. கதை வெகுவாக வளர்ந்த பிறகே எழும் அபவாதம் தலைப்பிலேயே நிற்கிறது. கதை சொல்வது தம் பிரதான நோக்கமல்ல, தத்தளிக்கும் ஓர் ஆத்மா அமைதி பெறுவதைக் காட்டுவதே நோக்கம் என்ற பொருளில் ஆசிரியரே முடிவில் எழுதுகிறார். ஆக, போகுமிடம் அவருக்குத் தெரிந்திருந்தது என்றே கொள்ள வேண்டும். திட்டத்துக்குள் அடங்காதவை சிறுகுளத்து வம்பும் அம்மையப்ப பிள்ளையும்தான். நாம் இன்றும் அந்த நாவலைப் படிப்பது அவற்றுக்காக. பின்பகுதியில் திட்டம் தன் பாக்கியை வசூலிக்க வந்து நிற்கிறது.

பேரேட்டில் வரவுகளைக் கூட்டித் தொகை காண்பது ஒன்று. தொகையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ப வரவுகளைச் சரிக்கட்டுவது வேறொன்று. இரண்டாவதைக் கணக்கு என்று யாரும் சொல்வதில்லை. அந்த நோக்கம் இல்லாவிட்டால் ராஜமய்யர் எழுதியே இருக்க மாட்டார் என்று வாதிடலாம். நியாயம்தான். ஆனால் எழுதத் தூண்டிய நோக்கமே எழுத்தை முடித்துவைக்கவும் வேண்டும் என்பதில்லை.

மாதத் தவணையில் எழுதிய டிக்கன்ஸும் திட்டம் வைத்திருந்தார். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு தாள். வலப்பக்கம் அத்தியாயக் குறிப்புகள். இடப்பக்கம் தனக்குத் தானே கேட்டுக்கொண்ட கேள்விகள்: இந்த ஆளை இப்போது கொண்டுவரலாமா? எதிரே ஆம், இல்லை, இப்போதைக்கு வேண்டாம் என்ற பதில்கள். இப்படிக் கேள்வியாக இருக்கும் திட்டம் பாத்திரங்களுக்கு இடம் கொடுக்கிறது.

வத்தலக்குண்டில் வளர்ந்த இன்னொருவர் சி. சு. செல்லப்பா. 1959-ல் புத்தகமான அவருடைய 'வாடிவாசல்' வேறொரு வழியைக் காட்டுகிறது. தன் அப்பனைக் குத்திச் சாய்த்த ஜமீன் காளை காரியை அணைய பிச்சி வருகிறான். மாடு வாடிவாசலை விட்டு வெளிவந்துதான் ஆகவேண்டும்; ஒழுங்கு அந்த நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. 1974-ல் வெளிவந்த ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' கந்தனின் ஒரு நாளை எடுத்துக்கொள்கிறது. பகலும் இரவும்தான் அதன் எல்லை. அதற்குள் கந்தன் எதையும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. இரண்டிலும் ஆசிரியன் வகுத்தது காலத்தின் வரம்பை. அதன் அர்த்தத்தை அவன் முன்கூட்டி வகுக்கவில்லை.

திருவிழா, மாதத் தவணை, ஒரு மாலை, ஒரு நாள் என்று திட்டம் உருமாறி வந்திருக்கிறது. திட்டமே கூடாது என்று சொல்லும் நம் நண்பர்கள் இதைப் பார்ப்பதில்லை. திட்டத்தை வலியுறுத்துகிறவர்களோ நாவலின் செய்தியையே திட்டம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எழுதுகிறவன் தன் கதை எங்கே, எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதைத் திட்டமாகத் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். அதிலிருந்து என்ன தேறும் என்பதை எழுதித்தான் அவன் அறிய வேண்டும். அதையும் தெரிந்துகொண்டுதான் தொடங்குவேன் என்றால், அவனுடைய அம்மையப்ப பிள்ளைக்கு அதில் இடமிருக்காது.