தூக்கத்தில் கை மரத்துப்போகிறதா?

தென்காசி, கடையநல்லூர் பகுதிகளில் பீடி சுற்றும் நம் தாய்மார்கள் பலருக்கு நடுஇரவில் கை மரத்து, விரல்கள் விறைத்துப்போகின்றன. கையை உதறினால் சரியாவதால் ‘வாயு’ என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் இது நரம்பு நசுங்குவதால் வருவது.

காரணம் என்ன?

மணிக்கட்டில் உள்ள குறுகிய பாதை வழியாக விரல்களை மடக்கும் தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. நாள் முழுவதும் விரல்களுக்கு ஓயாத வேலை கொடுத்தால் அங்கே வீக்கம் ஏற்படலாம். தூங்கும்போது மணிக்கட்டு மடங்கினால் அழுத்தம் கூடும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் ஊசி குத்துவது போலிருக்கும். இதுவே ‘கார்ப்பல் டனல்’. சுண்டுவிரல் மரத்தால், முழங்கையில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம், வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் காரணமாகலாம்.

என்ன செய்யலாம்?

• இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை அணியுங்கள்.
• கையைத் தலைக்கடியில் வைத்துத் தூங்காதீர்கள்.
• வேலைக்கிடையே விரல்களுக்கு ஓய்வு கொடுங்கள்.
• சர்க்கரையைப் பரிசோதியுங்கள்.

குற்றாலத்து எண்ணெய் மசாஜ் இதமளிக்கும். நரம்பின் அழுத்தத்தை நீக்காது.

எப்போது மருத்துவரிடம் செல்வது?

சில வாரங்களாகியும் குறையாவிட்டால், பொருள்கள் கை நழுவினால், பெருவிரல் அடிச்சதை மெலிந்தால் தாமதிக்காதீர்கள். திடீரென ஒரு பக்கக் கை, கால் தளர்ந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.