இல்லமாகும் கோதிக் கட்டடங்களும் பொதுமக்களின் உரிமையும்

1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்து சேர்ந்ததையொட்டிய காலத்தில், அதற்கு மேலுள்ள மலைச்சரிவுகளில் தோட்டம் அமைத்த ஆங்கிலேயத் துரைமார், தம் தாயகத்துக் கிராமக் கோயில்களின் சாயலில் கூர்நுனி வளைவுகள் கொண்ட கோதிக் பாணித் தேவாலயங்களையும் எழுப்பினர். டிக்கோயாவில் 1878இல் கட்டப்பெற்ற வார்லி தேவாலயம் அவற்றுள் பிரசித்தமானது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகித் துரைமாரும் போய்விட்ட பின்னர், இத்தகைய பழங்கட்டடம் ஒன்றைப் பேணுவதற்கு ஆளில்லாத நிலை நேருமாயின், அதனைத் தனியொருவர்க்கு வாசஸ்தலமாக விட்டுவிடலாமா என்பது ஆராய்தற்குரிய பிரச்சினையாகும். விடலாம் என்பதே என் துணிபு. ஆயினும், குடியிருப்பு கட்டடத்தின் சரீரத்தைக் காக்குமேயன்றி அதன் பொதுத்தன்மையைக் காவாது. அதனைக் காப்பது எழுத்தில் வகுத்த நிபந்தனை ஒன்றே.

உபயோகம் மாறுவது தன்னளவில் குற்றமன்று. கண்டியில் புனித பவுல் ஆலயம் எழும்புமுன், கண்டி மன்னரின் கொலுமண்டபமாகிய மகுல் மடுவவிலேயே ஆங்கிலேயர் தம் ஆராதனையை நடத்தினர். அம்மண்டபம் இன்றும் நிற்கின்றது.

கோதிக் கட்டடம் இல்லமாகிய வரலாற்றுக்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயரிலுள்ள லாகொக் மடம் தக்க திருஷ்டாந்தம். சாலிஸ்பரிச் சீமாட்டி எலா 1232இல் நிறுவிய அக்கன்னியர் மடம், எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539இல் மூடப்பட்டது. மறுவருடம் வில்லியம் ஷாரிங்டன் 783 பவுணுக்கு அதனை வாங்கினார். அவர் கோயிலை இடித்தார். ஆனால் முற்றத்தைச் சூழ்ந்த தாழ்வாரத்தைத் தொடாது, அதற்கு மேலேயே தம் வீட்டை அமைத்துக்கொண்டார். அத்தாழ்வாரத்தில் அண்ணாந்து நோக்கினால், கல் விலாவளைவுகள் ஒன்றையொன்று சந்திக்கும் முடிச்சுக்களில் செதுக்கிய உருவங்களை இன்றும் காணலாம். கலைக்கப்பட்ட மடங்கள் பல அக்கம்பக்கத்தார் கல் பெயர்த்தெடுக்கும் இடங்களாக அழிந்தொழிய, இஃது எஞ்சியதற்குக் காரணம் அதனுள் ஒரு குடும்பம் வாழ்ந்ததே. மேலும், அக்கட்டடம் தன்னுள் வாழ்ந்தோரின் ரசனையையும் உருவாக்கிற்று: 1750களில் அவ்வீட்டுக்கு உரியவராயிருந்த ஜான் ஐவரி டால்பட் தமக்கென எழுப்பிய கூடத்துக்குக் கோதிக் பாணியையே தேர்ந்தார்; அவர் வழிவந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1835 ஆகஸ்டில் அவ்வீட்டுச் சாளரம் ஒன்றைப் படம்பிடித்துப் பெற்ற எதிர்மறைப் பிரதியே இன்று எஞ்சியுள்ள கமரா எதிர்மறைப் பிரதிகளுள் மிகப் பழையதெனக் கருதப்படுகின்றது. 1944இல் மட்டில்டா டால்பட் வீட்டையும் கிராமத்தையும் தேசிய அறநிலையத்துக்கு (நேஷனல் டிரஸ்ட்) ஈந்தார். ஆகவே பொதுமக்கள் மீண்டும் உட்புகுந்தது ஓர் அம்மையாரின் தயாளத்தாலேயன்றித் தமக்குரிய உரிமையாலன்று.

தயாளத்தை மட்டும் நம்பியிருத்தல் எத்துணை அநித்தியமானது என்பதைச் சென்னை ஐஸ் ஹவுஸ் உணர்த்தும். அது கோதிக் கட்டடமன்று. 1842இல் அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர் எழுப்பிய கிடங்கு. எனினும் நம்மவரிடையே இத்தகைய மாற்றத்துக்கு அதுவே கிட்டிய சான்று. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதனை வாங்கிச் சாளரங்கள் அமைத்து இல்லமாக்கினார். 1897 பெப்ரவரியில் விவேகானந்தர் அங்கே தங்கினார். பின்னர் ராமகிருஷ்ணானந்தர் அங்கே மடம் நடத்தவும் ஐயங்கார் இடமளித்தார். ஆனால் அவர் காலமானபின் வீடு ஏலத்துக்குப் போக, மடமும் வெளியேற நேர்ந்தது. வரவேற்ற கை மறைந்ததும் வாயிலும் அடைபட்டது.

பொதுமக்களை உள்ளே விட்டால் வசிப்போரின் ஏகாந்தம் குலையுமே எனச் சிலர் ஆட்சேபிக்கலாம். அதற்குரிய விடை நம் மலைநாட்டிலேயே உண்டு. தோமஸ் வில்லியர்ஸ் ஹப்புத்தளையில் 1931இல் கட்டிமுடித்த அதிஷம் மாளிகை, கோதிக்கின் இறுதிக் கிளையாகிய டியூடர் பாணியைப் பின்பற்றியது. இன்று அது பெனடிக்ட் சபைத் துறவிகளின் உறைவிடம். இங்கே மாற்றத்தின் திசை வேறு: இல்லம் மடமாயிற்று. எனினும் மௌனத்தைப் போற்றும் அத்துறவிகளே வார இறுதியிலும் போயா தினங்களிலும் கூடத்தையும் நூலகத்தையும் பார்வையாளர்க்குத் திறந்துவிடுகின்றனர். நாளும் அறையும் வரையறுக்கப்பட்டால் வாழ்க்கையும் வருகையும் ஒருங்கே நிகழக்கூடும் என்பது இதனால் தெளிவாகும்.

சட்டமோ இங்கே முழுத் துணையாகாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம், கண்டி உடன்படிக்கை நிகழ்ந்த 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முற்பட்டவற்றையே இயல்பாகத் தொல்பொருளெனக் கொள்கிறது. பிற்பட்ட கட்டடங்கள் தனி ஆணை பெற்றாலன்றிப் பாதுகாப்புப் பெறா. மலைநாட்டுக் கோதிக் கட்டடங்கள் அனைத்தும் அத்திகதிக்குப் பிற்பட்டவை. ஆதலின் கைமாறும்போது எழுதப்படும் உறுதியிலேயே மூன்று நிபந்தனைகள் இடம்பெறல் வேண்டும்: ஆண்டில் குறித்த தினங்களில் முதன்மைக் கூடம் திறந்திருத்தல், தேவாலய வளாகத்துக் கல்லறைகளுக்குச் செல்லும் பாதை என்றும் அடைபடாதிருத்தல், மீண்டும் விற்குமிடத்து ஊர்ப் பொது ஸ்தாபனத்துக்கே முதல் உரிமை அளித்தல். இவற்றை வகுக்கும்போது லயங்களில் வாழும் தொழிலாளர் சமூகத்தின் அபிப்பிராயமும் கேட்கப்படல் வேண்டும். ஏனெனில் அத்தேவாலயங்களை எழுப்பிய செல்வம் அச்சமூகத்தின் முன்னோர் உழைப்பில் விளைந்தது. விற்பவர் எவராயினும் வாங்குபவர் எவராயினும், அவ்வுழைப்பின் வழித்தோன்றல்களை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் உறுதி நியாயமான உறுதியாகாது.