உலைக்களமும் பள்ளிக்கூடமும்



நம் முன்னோர் கருமாராயும் தச்சராயும் உளியும் சம்மட்டியும் ஏந்தி வாழ்ந்தவர். அதுபற்றியே இவ்விதழில் எழுதுவோர் பலர், “பிள்ளைகள் குலத்தொழிலைக் கைவிட்டனர், பள்ளிப் படிப்பே அவர்களைக் கெடுத்தது” என்று இரங்குகின்றனர். அம்பத்தூர்ப் பகுதியில் இருபதாண்டுக் காலமாகத் தமிழாசிரியனாயிருக்கும் எனக்கும் அவ்விரக்கம் இல்லாமலில்லை. என் பாட்டனாரின் துருத்தி இன்னும் என் வீட்டுப் பரண்மீது இருக்கின்றது. ஆயினும் அக்கூற்று நம் ஊர்களின் வரலாற்றோடு பொருந்துமாவென்று ஆராய்தல் நம் கடன்.

1953ஆம் ஆண்டில் இராஜாஜி அவர்கள் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாயிருந்தார். அவ்வாண்டு கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு புதுமுறை புகுத்தப்பட்டது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளியில் பயிலுதல் வேண்டும். எஞ்சிய பொழுதில் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகுதல் வேண்டும் என்பதே அது. அதன் நோக்கம் முற்றும் தீதென்று சொல்ல யான் துணியேன். பள்ளிகளும் குறைவு, ஆசிரியரும் குறைவு. இருக்கும் கட்டடத்திலேயே இரு முறை வகுப்பு நடத்தினால் இருமடங்கு பிள்ளைகள் எழுத்தறிவர் என்பது அவர் கணக்கு. கைத்தொழில் இழிவன்று என்ற கருத்தும் அதனுள் அடங்கியிருந்தது. எதிர்த்தோர் அதனைக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்றனர், அப்பெயரே நிலைத்துவிட்டது. 1954 ஏப்ரலில் காமராசர் முதல் மந்திரியானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. ஏரியும் வயலும் சூழ்ந்தவை. 1947இல் பிறந்த என் பெரிய தந்தையார், அத்திட்டம் வந்த ஆண்டில்தான் ஒன்றாம் வகுப்பிற் சேர்ந்தார். முற்பகல் பள்ளி, பிற்பகல் துருத்தி. மறு ஆண்டு மீண்டும் முழுநாட் பள்ளியாயிற்று. பட்டறையில் ஒரு கை குறைந்ததென்று பாட்டனார் பல நாள் முணுமுணுத்தாராம்.

நிற்க. அச்சிறுவன் வளர்ந்த காலத்தில் இவ்வூர்கள் எங்ஙனம் மாறின என்பதைப் பாருங்கள். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலை 1949இலேயே அடியிடப்பட்டிருந்தது. 1955 ஜனவரியில் ஆவடியிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, சோஷலிச பாணிச் சமுதாயமே குறிக்கோள் எனத் தீர்மானித்தது. அவ்வாண்டு அக்டோபரில் பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 1957இல் ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக் தோன்றிற்று. 1959இல் அம்பத்தூருக்கு டன்லப் ஆலை வந்தது. அது பின்னாளில் மூடப்பட்டது வேறு கதை. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965இல் முதல் ‘விஜயந்தா’ டாங்கி அங்கிருந்து வெளிவந்தது. இடையே 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கிற்று.

1953இல் ஆறு வயதாயிருந்த பிள்ளைக்கு 1964இல் வயது பதினேழு. தொழில் தேடும் பருவம் அதுவே. பன்னிரண்டு ஆண்டில் தன் வயல்வெளியில் டாங்கி ஓடுமென்று 1953இல் எந்தத் தந்தை அறிந்திருப்பார்? எந்த மந்திரிதான் அறிந்திருப்பார்? தந்தையின் தொழிலை மட்டும் காட்டிய கல்வி, அந்தப் பதினேழு வயதினனை ஆலையின் வாயிற்கு வெளியே நிறுத்தியிருக்கும். 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநனுக்குப் பதினான்கு வயது நிரம்பியிருத்தலோடு, அவ்வத்தொழிற்கு விதித்த படிப்பும் வேண்டுமென்று கேட்டது.

என் பெரிய தந்தையார் டர்னர் ஆனார். “துருத்தி ஊத எனக்கு எவரும் பாடஞ் சொல்லவில்லை, லேத்தில் நின்றபோது தசமக் கணக்குத்தான் சோறு போட்டது” என்பார். எனினும் கடைசலில் உதிரும் இரும்புச் சுருளின் நீலத்தைக் கண்டே உளியின் சூட்டை அறிந்துகொள்வார். அந்தக் கண்ணைக் கொடுத்தது பாட்டனாரின் உலை. ஆகவே குலத்தொழில் அழிந்ததென்று சொல்வது பாதி உண்மையே. அது பள்ளியின் வழியாக வேறொரு பட்டறைக்குள் புகுந்தது.

இக்காலத்துப் பிள்ளைகளைக் கேட்டால், பெரும்பாலார் “கம்ப்யூட்டர்” என்கின்றனர். ஏனென்றால், “எதிர்வீட்டு அண்ணன் அதைத்தான் படித்தார்” என்பர். தொழிற்பேட்டைச் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துள்ளன. அவையே இவர்கள் கண்முன் நிற்பவை. பாட்டன் உலையைக் கண்டான், மகன் ஆலைச் சங்கைக் கேட்டான், பேரன் கண்ணாடியைப் பார்க்கிறான். தேர்ந்தேன் என்று ஒவ்வொருவனும் சொல்லுகிறான். கண்ணிற் பட்டதே அவனைத் தேர்ந்தது. கண்ணிற் படாததைக் காட்டுவதற்கன்றோ பள்ளி இருக்கின்றது? இதில் ஆசிரியராகிய எங்கள் குறையும் உண்டு. மதிப்பெண் ஒன்றையே காட்டி வந்தோம்.

நம் மரபைச் சேர்ந்த ஒரு சிறுமி, ஒன்பதாம் வகுப்பில் வெர்னியர் அளவுகோலை முதன்முறை கையிற் பிடித்தாள். மறுநாள் தன் பாட்டனார் அடித்த உளியொன்றைக் கொணர்ந்து நான்கிடத்தில் அதன் கனத்தை அளந்தாள். “கண்ணளவாய் அடித்தது எப்படி ஐயா இவ்வளவு ஒத்திருக்கிறது?” என்று என்னிடம் கேட்டாள். தமிழாசிரியனாகிய எனக்கு விடை தெரியவில்லை. இவ்வாண்டு அவள் பத்தாம் வகுப்பு முடித்து, பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பயில விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறாள். பட்டறை வேலை பெண்ணுக்கு ஆகாதென்று தந்தையார் இன்னும் கையொப்பமிடவில்லை. அவர் நம் சங்கத்தின் நெடுநாள் உறுப்பினர். இவ்விதழ் அவர் கைக்கும் செல்லும்.